தொண்ணூறு பழம்

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிறு, இரவு பதினொன்றரை

அன்பின் மச்சான்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுவதெல்லாம் கடிதமாகாது, தெரியும். மன்னித்துக்கொள். அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிக்கிறார். அக்கா சுகம். கட்டையன் போன மாதம் வந்து இரண்டு நாள் நின்றான்; உன் கல்யாண வீட்டு ஐஸ்கிரீம் கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னான். வாடகையைக் கூட்டிவிட்டார்கள். சரி, ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இன்று பின்னேரம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லாமல் படுக்கப் போக முடியவில்லை.

மருமகனுக்கும் அவன் சிநேகிதருக்கும் நான் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ், அதுதான் பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் விளையாடும் அந்த விளையாட்டு, நடத்துவது உனக்குத் தெரியும். ஐந்து பேர், எல்லாரும் பதினாறு வயதைச் சுற்றி. யுத்தம் முடிந்த 2009க்குக் கிட்டப் பிறந்த பிள்ளைகள். ஒரு வருடமாக ஐந்தாம் லெவல் வரை வந்துவிட்டார்கள். இனிக் குகையும் பூதமும் போதும், இரண்டு ராச்சியங்களின் பெரிய யுத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். நானும் மூன்று வாரம் இருந்து படம் கீறினேன். காலிமுகத்திடல் மாதிரி ஒரு வெட்டவெளி, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கோட்டை. அந்தத் திடலை ஒல்லாந்தர் பீரங்கிக்குக் குறி தெரியத்தான் வெறுமையாக வைத்திருந்தார்கள் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே புளுகம். அவர்கள் அங்கே இஸ்ஸோ வடை தின்ற ஞாபகத்தோடு மட்டும் இருந்தவர்கள்.

மருமகன்தான் விசார்ட், அதாவது மந்திரவாதி. அவனுடைய திட்டம் ஒரே வரி: "மாமா, எதிரி வரிசையாக வருவான், நான் ஃபயர்போல் போடுவேன்." பிழையான திட்டமில்லை. அந்த நெருப்புருண்டை வெடித்தால் இருபது அடி ஆரம், அதற்குள் ஆளுக்கு ஐந்தடிச் சதுரம் என்று வைத்தால் ஐம்பது பேர் நிற்பார்கள். அடி எவ்வளவு என்பதற்கு எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. சாதாரண காவல்காரனுக்கு உயிர் 11 புள்ளி. தப்பிக்கும் பகடை சரியாக விழுந்து பாதி அடிதான் பட்டாலும் 14, அப்போதும் அவன் இல்லை. இந்த விளையாட்டின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 1971இல் வந்த செயின்மெயில் என்ற பொம்மைப்படை விதிகளில் மந்திரவாதியின் நெருப்புருண்டைக்குக் கல்லெறியும் பெரும் பொறியின் அளவையும் மின்னலுக்குப் பீரங்கியின் அளவையும் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்துதான் 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று இந்த விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். விசார்ட் தொப்பி போட்ட பீரங்கி என்று நீ சொல்வாயே, வரலாற்றின்படியே அது சரி.

ஆனால் அந்தப் பீரங்கிக்குக் குண்டு மிகக் குறைவு. ஃபயர்போல் மூன்றாம் நிலை மந்திரம்; ஐந்தாம் லெவலில் அதற்கான ஸ்லொட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, நாளுக்கு இரண்டு, ஒரு மணிநேரம் இருந்து மூச்சுவிட்டால் இன்னொன்று. எறியும் தூரம் 150 அடி. நெடுவில்லோ குறி தளம்பினாலும் 600 அடி போகும். ஆகவே என் எதிரித் தளபதி செய்தது இதுதான்: முன்னால் கிழிந்த கூடாரத் துணியையும் வைக்கோல் பொம்மைகளையும் இருபது பேரோடு நடத்தினான். மருமகன் இரண்டையும் அதில் எறிந்து முடித்தான். அப்புறம்தான் உண்மையான படை வந்தது. அவனுக்குக் கோபம். நான் கர்ணனின் கதையைச் சொன்னேன். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தரம்தான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று வைத்திருந்ததை இரவுப் போரில் கடோற்கசன் மேல் எறியவைத்தான் கண்ணன். கேட்டுவிட்டுச் சிறிதுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, "அப்படியென்றால் எங்கள் ஆட்களும் இனி வரிசையில் நிற்கக் கூடாது" என்றான்.

அங்கேதான் மச்சான் என் மனம் இடறியது. வரிசையில் நிற்க முடியாத படை எங்கே போகும்? இரண்டு பேர், மூன்று பேராகச் சிதறும். சிதறினால் வெளியில் நிற்க முடியாது, மறைவு வேண்டும். தோட்டத்துக்குள் போகும், வீட்டுக்குள் போகும், மாட்டுத் தொழுவத்துக்குள் போகும். ஹொஸ்டல் மொட்டைமாடியில் நீ அடித்துச் சொன்னாயே, மந்திரம் இருந்தால் இரண்டு மந்திரவாதிகள் அடிபட்டு யுத்தத்தை முடித்துவிடுவார்கள், சனத்துக்குச் சேதமில்லை என்று. எனக்கு அன்றைக்கும் பதில் தெரியவில்லை. இன்று மேசையில் பார்த்தேன். நெருப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் படை ஊருக்குள் ஒதுங்குகிறது. உன்னுடைய கணக்கு பிழை, நான் முழுமனதோடு சொல்கிறேன்.

பிள்ளைகள் கோட்டைக்குள் போய்க் கதவைப் பூட்டினார்கள். முற்றுகை. எனக்கு மிகவும் பிடித்த இடம், உனக்கும்தான். கொழும்பையே எடுத்துக்கொள். 1655இன் கடைசியில் ஒல்லாந்தர் சுற்றி வளைத்தார்கள், 1656 மே மாதம்தான் போர்த்துக்கேயர் விட்டுக்கொடுத்தார்கள். உள்ளே பட்டினியும் நோயும் செய்த வேலையைப் பீரங்கி செய்யவில்லை. முற்றுகை முடிய ஒரு மாதம் இருக்கையில் ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட் செத்தான். கோர்ட் இருக்கும் புதுக்கடைக்கு ஆங்கிலத்தில் இன்றைக்கும் அவன் பெயர்தான். காணி வழக்கென்று கட்டையன் அங்கே அலைகிறானே, அடுத்தமுறை அவனுக்குச் சொல்லு.

இப்போது விளையாட்டில் அந்தக் கோட்டைக்குள் ஒரு டுரூயிட்டை, இயற்கையை வைத்து மந்திரம் செய்கிறவரை, வை. குட்பெரி, முதலாம் நிலை மந்திரம். ஒருதரம் சொன்னால் பத்துப் பழம், ஒரு பழம் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. ஐந்தாம் லெவல் டுரூயிட்டுக்கு எல்லா நிலையும் சேர்த்து ஒன்பது ஸ்லொட். வேறு எந்த மந்திரமும் செய்யாமல் இருந்தால் நாளொன்றுக்குத் தொண்ணூறு பழம். பன்னிரண்டு டுரூயிட் இருந்தால் ஆயிரம் பேருள்ள கோட்டை எத்தனை வருடமும் நிற்கும். கிளெரிக், அதாவது மந்திரம் தெரிந்த பூசாரி, நோயைத் தீர்ப்பான். மந்திரத்தால் எந்தத் தூரத்துக்கும் செய்தி போகும், இருபத்தைந்து சொல்லுக்குள் இருந்தால் போதும். (தமிழில் விளையாடுவதில் இங்கே பெரிய லாபம். "வந்துகொண்டிருக்கிறார்களாம்" என்பதை மருமகன் ஒரு சொல் என்றான், நான் ஒத்துக்கொண்டேன்.) பசி, நோய், செய்தி கிடைக்காத தனிமை, இந்த மூன்றும் போய்விட்டால் முற்றுகை என்று ஒன்றே இல்லை.

எனக்குப் பாரியின் பறம்புமலை நினைவு வந்தது. மூவேந்தரும் சேர்ந்து வளைத்தபோது, மரத்துக்கு மரம் யானையைக் கட்டினாலும் இந்த மலை உங்களுக்குக் கிடைக்காது என்கிறார் கபிலர், அதற்குக் காரணமாகப் படையைச் சொல்லவில்லை பார். உழாமல் விளைகிறது நான்கு என்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அந்த மலையை நீங்கள் பசிபோட்டு எடுக்க முடியாது என்பதுதான் பாட்டு. பாரி டுரூயிட் என்று நீ சிரிப்பாய். சிரி. எனக்கு இன்று கண்ணில் தண்ணீர் வந்தது.

ஏனென்றால் இதையெல்லாம் நான் கொப்பியில் கூட்டிப் பெருக்கி, "ஆகவே யுத்தத்தில் விசார்ட்டைவிட டுரூயிட்தான் முக்கியம்" என்று ஒரு கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னேன். இரண்டு தளபதிகளும் உடனே டுரூயிட்டைத் தேடி ஆள் அனுப்புவதாகக் கதையைத் திருப்பினேன். டுரூயிட்டாக விளையாடுவது மேல்மாடியில் இருக்கும் பிள்ளை. மேசையில் மிகக் குறைவாகப் பேசுகிறவள். அவளுடைய பாத்திரத்தின் ஊர் மூன்று வருடமாக மழை காணாத ஊர்; போன வருடம் அவளே எழுதித் தந்தது, 87 பேர் என்று எண்ணிக்கையோடு. நான் அதை மறந்தே போனேன். அவள் மறக்கவில்லை.

"அங்கிள், தொண்ணூறு பழத்தில் எண்பத்தேழு எங்கள் ஊருக்குத் தினமும் போகிறது. நான் கோட்டைக்குப் போனால் அவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?"

ஒருவரும் பேசவில்லை. மருமகன் பகடையைக் கையில் வைத்து உருட்டாமல் இருந்தான். பிறகு மெதுவாக, "ஒரு படைக்கு இவள் கிடைக்காமல் இருக்க மற்றப் படைக்காரர் ஊரையே எரிப்பார்கள், இல்லையா மாமா?" என்று கேட்டான். காலையில் ஃபயர்போல் என்று துள்ளிய பிள்ளை. நான் தேத்தண்ணி குடிப்போம் என்று எழுந்து குசினிக்குப் போய்விட்டேன்.

உங்கள் வீட்டு முற்றத்துப் பங்கர் நினைவிருக்கிறதுதானே. பொம்பர் சத்தம் கேட்டால் நாம் இரண்டு பேரும்தான் முதலில் உள்ளே. உன் அம்மம்மா புளியங்கொட்டைகளைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவா. நாம் அதைப் பறித்துத் தாயம் போடுவோம். அவ அதைக் கொண்டுவந்தது விளையாட இல்லை என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. உள்ளே எத்தனை பேர் என்று எண்ணத்தான். ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு தலைக்கொரு கொட்டை எடுத்து வைப்பா, அத்தனை துண்டாகப் பனங்கட்டியை உடைப்பா. சீனி இல்லாத காலம். ஒருதரம் ஒரு துண்டு குறைந்தபோது தன்னுடையதை எனக்குத் தந்துவிட்டு வெறும் தேத்தண்ணி குடித்தா. நீ அன்றைக்குத் தாயம் விழுந்த சந்தோஷத்தில் கவனித்திருக்கமாட்டாய்.

குசினியில் நின்று கேத்திலைப் பார்த்துக்கொண்டு நான் அம்மம்மாவைத்தான் நினைத்தேன். மூன்று வாரம் யுத்தத்துக்குப் படம் கீறின எனக்கு, தொண்ணூறு பழத்தையும் படைக்குச் சாப்பாடு என்றுதான் கணக்குப் போட வந்திருக்கிறது. அதற்கு முன்னமே அது யாரோ ஒருவருடைய சாப்பாடாக இருந்திருக்கும் என்று நினைக்க வரவில்லை. இது எனக்குப் பெரிய வெட்கம் மச்சான்.

இப்போது உன்னிடம் கேட்கவேண்டியது. அடுத்த ஞாயிறு அவள் முடிவைச் சொல்வாள். போகமாட்டேன் என்றுதான் சொல்வாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அப்போது தளபதி என்ன செய்வான்? நேர்மையாக நடத்துவதென்றால் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும் என்ன செய்வான் என்று. அதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் முன்னால் மேசையில் செய்ய எனக்கு மனம் வரவில்லை. செய்யாமல் விட்டால், அவள் கேட்ட கேள்வியை நான் பொய்யாக்கினமாதிரி இருக்கும். படைகள் இரண்டும் அந்த ஊரைத் தொடுவதில்லை என்று ஒப்பந்தம் வைக்கலாமா என்று யோசித்தேன். அது நிலைக்கும் என்று இவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஒப்பந்தத்தை ஐந்து பேரும் தாங்களே போய்ப் பேசி, காவல் நின்று, காப்பாற்ற வேண்டும் என்று கதையை வைத்தால்? பெரும் போரை விட்டுவிட்டு, 87 பேருக்குப் பழம் போய்ச்சேரும் பாதையை மட்டும் காப்பது. மருமகனின் மூன்று ஃபயர்போலுக்கும் அங்கே வேலை இருக்கும். எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனால் நீ பார்த்துச் சொல்லாமல் செய்யமாட்டேன். இப்படியான இடங்களில் உனக்குத்தான் கண் நன்றாக ஓடும்.

பழைய நீலக் கொப்பி இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? அதில் நீ கீறின ஆற்றங்கரை ஊரின் படம் வேண்டும். போனில் எடுத்து அனுப்பினால் போதும். வியாழனுக்குள் எழுது, எனக்கு வெள்ளி லீவு, உட்கார்ந்து தயார்செய்ய வசதி.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச்சொன்னார். பிள்ளைகளுக்கும் அவவுக்கும் என் அன்பு.

உன்,
மச்சான்