மாப்ளைக்கு, அந்த ஆர்எஸ்ஐ விஷயமா

மாப்ள,

உன் மெசேஜ் பாத்தேன், போன்ல பேசினா பாதி விட்டுப்போகும்னு உக்காந்து எழுதுறேன். அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப அவங்களே பேப்பர் படிக்கிறாங்க, திருச்சிக்காரன் எப்ப வருவான்னு உன்னைய தான் கேட்டுட்டே இருக்காங்க. பாப்பாவுக்கு எம்எஸ்சி சீட் கெடச்சதுல எங்க வீட்ல எல்லாருக்கும் அவ்ளோ சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயம். ரிட்டயர் ஆகி வந்த பணத்த வச்சு, ஷேர் மார்க்கெட்ல ஆர்எஸ்ஐங்கற இண்டிகேட்டர் 30க்கு கீழ போனா வாங்கி 70 தாண்டினா வித்துடலாமான்னு கேட்டிருக்க. அது என்ன பண்ணுதுன்னா கடைசி 14 நாள்ல வெல ஏறினது எவ்ளோ, எறங்கினது எவ்ளோன்னு பாத்து 0ல இருந்து 100க்குள்ள ஒரு நம்பர் குடுக்குது, அவ்ளோதான், நாளைக்கு என்ன நடக்கும்னு அதுக்கு தெரியாது. 2020 பிப்ரவரி கடைசில நிஃப்டி, அதாவது என்எஸ்இ பங்குச்சந்தையோட பெரிய 50 கம்பெனி குறியீடு, 11,200க்கு வந்தப்பவே ஆர்எஸ்ஐ 30க்கு கீழ போயிடுச்சு, ரூல்படி அன்னிக்கு வாங்கணும், வாங்கினவன் கதி என்ன, மார்ச் 23 ஒரே நாள்ல 13% விழுந்து 7,610ல முடிஞ்சுது. அதே வருஷம் நவம்பர்ல 12,600 பக்கம் 70அ தாண்டுச்சு, சரின்னு வித்திருந்தா டிசம்பர் கடைசில 14,000 பக்கம் போனத வேடிக்க தான் பாத்திருக்கணும்.

என் கதைய உன்கிட்ட முழுசா சொன்னதில்ல. நான் நம்பினது நிஃப்டி பிஇ, அதாவது ஷேர் வெல கம்பெனிங்களோட லாபத்துக்கு எத்தன மடங்குங்கற கணக்கு. 28க்கு மேல போனா காஸ்ட்லி, வெளிய வந்துடணும்னு மனசுல பதிஞ்சு போச்சு. 2020 ஆகஸ்ட்ல பிஇ 30அ தாண்டினதும் 11,200 பக்கம் பாதிய வித்துட்டேன். அப்ப எனக்கு புரியாதது என்னன்னா வெல ரொம்ப ஏறிடல, லாக்டவுன்ல கம்பெனிங்களோட லாபம் சரிஞ்சு போச்சு, வெலைய வகுக்கிற லாபம் சின்னதானா பிஇ தானா பெருசாகும்ல. அடுத்த வருஷம் லாபம் திரும்பி வந்தா அதே வெலைக்கு பிஇ எறங்கிடும், அத நான் யோசிக்கவே இல்ல. பிப்ரவரி 2021ல பிஇ 40அ தாண்டுச்சு, சரியா தான் வித்தோம்னு இருந்தேன். மார்ச் கடைசில என்எஸ்இ கணக்கு போடுற முறையவே மாத்தினாங்க, அதுவரைக்கும் தாய் கம்பெனி லாபத்த மட்டும் எடுத்தாங்க, அப்புறம் துணை கம்பெனிங்களையும் சேத்த லாபம், ராத்திரியோட ராத்திரியா 40 இருந்தது 33 ஆச்சு. எந்த அளவுகோல பாத்து வித்தனோ அந்த அளவுகோலே மாறிடுச்சு மாப்ள. ஏப்ரல்ல 14,500 பக்கம் திரும்ப வாங்கினேன், கிட்டத்தட்ட 30% அதிகம் குடுத்து. அந்த பணம் தம்பி மகன் படிப்புக்குன்னு வச்சிருந்தது, அதனால தான் இன்னும் வலிக்குது.

எல்லாமே வேஸ்ட்னு சொல்லல. கடைசி 200 நாள் வெலையோட ஆவரேஜுக்கு கீழ போனா வித்து மேல வந்தா வாங்கறவங்க 2020 பிப்ரவரில 11,600 பக்கம் வெளிய வந்து ஜூலைல 11,000 பக்கம் உள்ள வந்திருப்பாங்க, நடுவுல அந்த பெரிய அடி படல. ஆனா மார்க்கெட் ஒரே எடத்துல ஆடிட்டு இருக்கிற வருஷத்துல மாசம் ஒரு தடவ உள்ள வெளியன்னு அலைய விடும், ஒவ்வொரு தடவையும் எஸ்டிடிங்கற பரிவர்த்தனை வரி, புரோக்கரேஜ், லாபத்துக்கு வரி. 2024 ஜூலை 23ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல 20% போயிடும், அதுக்கு மேல வச்சிருந்தா 1.25 லட்சத்துக்கு மேல வர்ற லாபத்துக்கு 12.5%. இண்டிகேட்டர் சொல்லித் தர்ற வீடியோல யாரும் இத கழிச்சு காட்டறதில்ல.

இப்ப நான் என்ன பண்றேன்னா, விக்கிறதுக்கு எந்த இண்டிகேட்டரையும் பாக்கறதில்ல, வீட்டுக்கு பணம் வேணும்னா மட்டும் விக்கிறேன். வாங்கறதுக்கு பாக்கறேன். நிஃப்டி மாதிரி குறியீட்ட அப்படியே பின்பத்துற இண்டெக்ஸ் ஃபண்ட்ல மாசாமாசம் ஒரு தொகை எஸ்ஐபியா போகுது, நிஃப்டி 200 நாள் ஆவரேஜுக்கு கீழ இருக்கிற மாசத்துல சீக்கிரம் எடுக்கிற மாதிரி லிக்விட் ஃபண்ட்ல வச்சிருக்கிற பணத்துல இருந்து கொஞ்சம் எக்ஸ்ட்ரா. கணிச்சது தப்பானாலும் கொஞ்சம் சீக்கிரம் வாங்கினேன்னு தான் ஆகும், பெருசா எதுவும் போகாது.

உனக்கு, பாப்பா படிப்பு முடியிற வரைக்கும் தேவப்படுறத எஃப்டில போட்டுடு, அத தொடாத. மீதிய பதினஞ்சு பதினெட்டு மாசமா பிரிச்சு போடு. ஆப்ஷன்ஸ் பத்தி ஒரு வரி எழுதியிருந்தியே, அத படிச்சதுல இருந்து எனக்கு தூக்கமே சரியா இல்ல. மார்க்கெட்ட கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பர்ல சொன்ன கணக்கு, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர்ஸும் நீ சொன்ன ஆப்ஷன்ஸும், பண்ண தனி ஆளுங்கள்ல 93% பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. முப்பது வருஷம் ஷிஃப்ட் பாத்து சேத்த பணம்டா அது.

தீபாவளிக்கு கோயம்புத்தூர் வரும்போது பாஸ்புக்கும் அந்த ஆப்ல இருக்கிற ஸ்டேட்மென்ட்டும் எடுத்துட்டு வா, உக்காந்து பாப்போம். அதுவரைக்கும் ஒண்ணும் வாங்காத, ஒண்ணும் விக்காத.

உன் பழைய ரூம்மேட்