கனடாவின் ஸ்காபரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இங்கே இன்னும் குளிர் விடவில்லை, நம்ம ஊர் ஹட்டன் மழையே தேவலாம்.

வாங்கிய வீடு பழசு என்று சொன்னேனே, இந்த வாரம் முழுக்க அதன் குசினி அலமாரிகளைக் கழற்றும் வேலைதான். தச்சு பாஸ் யாரையும் பிடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். இங்கே பாஸ் கூலியைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் நானும் மச்சானும்தான்.

உள்சுவர் நம்ம ஊர் மாதிரி கல்லோ சீமெந்தோ இல்லை. 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம், மேலே ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் இறங்கிய ஸ்குரூவில்தான் அலமாரி முழுக்கத் தொங்குகிறது. டிவியில் சம்மட்டியால் அடித்து நொறுக்குகிறார்கள், வீண் கூத்து. தண்ணீரை மூடி, சிங்க்குக்குக் கீழே வாளி வைத்துக் குழாயைக் கழற்றினோம். அப்புறம் கதவு, லாச்சி. மேல் அலமாரிதான் முதலில். அடியில் ஒரு சட்டத்தை முட்டுக் கொடுத்து, பக்கத்துப் பெட்டியோடு பிணைத்த ஸ்குரூவை எடுத்து, சுவர் ஸ்குரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். ஓரத்துப் பெயின்டைக் கத்தியால் கீறாமல் இழுத்தால் பலகையும் பிய்ந்துகொண்டு வரும்.

அலமாரிகளின் பின்பக்கம் நல்ல பிளைவுட். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் நீங்கள் தேயிலைப் பெட்டியை நிமிர்த்தித் தட்டு அடித்துக் கொடுத்தீர்களே, அந்த ஞாபகம். அதன் ஓரத் தகரம் அம்மாவின் கையை எத்தனை தடவை கிழித்திருக்கும்! இந்த அலமாரிகளை வீசவில்லை, பேஸ்மென்டில் மாட்டப்போகிறோம்.

கீழ் அலமாரியை எடுத்ததும் வேலை நின்றுவிட்டது. அடியில் 1960களில் பதித்த தரை ஓடு. அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்று மச்சான் கை வைக்கவே விடவில்லை. ஒரு துண்டு சோதனைக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை சமையல் ஹாலில்தான்.

"நம்ம வீட்டுக் கூரையே அந்த அஸ்பெஸ்டாஸ் சீட்தானே" என்று சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள் அப்பா. சும்மா கிடக்கிற நல்ல சீட்டால் பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற தூசிதான் நெஞ்சில் தங்கி, பல வருஷம் கழித்து நோயாகக் கிளம்பும். இந்த நாடு கியூபெக் மாகாணத்தில் அஸ்பெஸ்டாஸைத் தோண்டி ஆசியாவுக்கும் ஏற்றி அனுப்பிச் சம்பாதித்தது. தடை போட்டது 2018இல்தான்.

தம்பி பின்பக்கக் குசினியைப் பிரிக்கப்போவதாக அம்மா போனில் சொன்னாங்க. பழைய சீட்டை வாளால் அறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கட்டும். தூளை விளக்குமாறால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கட்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது. புதுக்கூரைக்குத் தகரம் எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுதச் சொல்லுங்கள், மாசக் கடைசியில் அனுப்புகிறேன். மழைக்குத் தகரம் சத்தம் போடும் என்று அம்மா முணுமுணுப்பாங்க. அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

அன்பு மகன்