வீட்டுக்குள்ள இருக்குற ஃபைலுக்கு எதுக்கு இன்டர்நெட்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்துனதுல இருந்து பழைய லேப்டாப்பை என்ன பண்றதுன்னு யாரு கேட்டாலும் லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுக்கோங்கன்னுதான் சொல்றாங்க, பத்திரிகைகள்லயும் அப்படித்தான் வருது, நல்ல யோசனைதான் நானும் நாலு பேருக்கு போட்டு குடுத்திருக்கேன். ஆனா அதுக்கு அடுத்து வர்ற கேள்விய யாரும் எழுத மாட்டேங்குறாங்க ஐயா. வீட்டுல ஒண்ணு லினக்ஸ், பையனோட புது லேப்டாப் விண்டோஸ் 11, ஒண்ணுல இருக்குற ஃபைல் இன்னொண்ணுக்கு எப்படி போகும்?

இப்போ எல்லாரும் பண்றது என்னன்னா வாட்ஸ்அப்ல தனக்குத்தானே அனுப்பிக்கிறது. சாதாரணமா அனுப்புனா போட்டோவ அது சுருக்கிடும், பிரிண்ட் போடும்போதுதான் தெரியும். இல்லன்னா பென்டிரைவ். அதுல பாதி எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருக்கும், 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலை அது ஏத்துக்காது, 32 ஜிபி பென்டிரைவ் காலியா கிடக்கும் ஆனா கல்யாண வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணா விண்டோஸ், மேக், இப்போ வர்ற லினக்ஸ் மூணுலயும் ஓடும், இத சொல்லி குடுக்கக்கூட ஆள் இல்ல. ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே ஹால்ல ஒரே ரவுட்டர்ல இருக்கு, ஆனா பேங்க் பேப்பர், பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாம் எங்கயோ இருக்குற சர்வருக்கு போயிட்டு திரும்பி வருது, எனக்கு இது சுத்தமா புடிக்கல.

இதுக்கு வழி ரொம்ப வருஷமா இருக்கு, பேரு சாம்பா, லினக்ஸ்ல இருக்குற ஃபோல்டர வீட்டு நெட்வொர்க் வழியாவே விண்டோஸ்ல திறக்க வைக்கிற சாஃப்ட்வேர். ஆஸ்திரேலியாவுல கான்பெராவுல படிச்சிட்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-கள் ஆரம்பத்துல எழுத ஆரம்பிச்சது, கம்ப்யூட்டருங்க நெட்வொர்க்ல என்ன பேசிக்குதுன்னு ஒவ்வொரு பாக்கெட்டா (சின்னச் சின்ன டேட்டா துண்டு) பாத்து பாத்தே எஸ்எம்பிங்குற, விண்டோஸ் மெஷினுங்க ஃபைல் குடுத்து வாங்க பேசிக்குற பாஷைய கண்டுபுடிச்சாங்க. அப்புறம் மைக்ரோசாஃப்ட் அந்த மாதிரி விவரத்த வெளிய குடுக்கணும்னு ஐரோப்பிய கமிஷன் 2004-ல உத்தரவு போட்டு, கேஸ் கோர்ட்டு வரைக்கும் போயி, 2007 கடைசிலதான் மைக்ரோசாஃப்ட் அதோட டாக்குமென்ட்ட சாம்பா குழுவுக்கு குடுத்துச்சு. அவ்ளோ போராடி வாங்குன வசதி இலவசமா கிடைக்குது. 2013-ல இருந்து ஆப்பிளும் மேக்ல ஷேரிங்குக்கு எஸ்எம்பியத்தான் முதல்ல வச்சிருக்கு, போன்ல விஎல்சிங்குற வீடியோ ஆப் இருந்தா அந்த ஃபோல்டர்ல இருக்குற படத்த அப்படியே பாக்கலாம்.

லினக்ஸ் மின்ட்ல (லினக்ஸ்ல ஒரு வகை) ஃபோல்டர் மேல ரைட் கிளிக் பண்ணா ஷேரிங் ஆப்ஷன்ஸ் வரும், சாம்பா இல்லன்னா அதுவே இன்ஸ்டால் பண்ணவான்னு கேக்கும். விண்டோஸ்ல போய் ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு லினக்ஸ் மெஷினோட ஐபி நம்பர (நெட்வொர்க்ல அதோட விலாசம்) அடிச்சா ஃபோல்டர் வந்துரும். ஆனா நம்ம ஆளுங்க நிக்கிற இடமே யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்குற அந்த பெட்டிலதான். லினக்ஸ்ல லாகின் பாஸ்வேர்ட் வேற, சாம்பா பாஸ்வேர்ட் வேற, அத தனியா ஒரு கமாண்ட் அடிச்சு வைக்கணும். திருப்பி விண்டோஸ் ஃபோல்டர லினக்ஸ்ல இருந்து திறக்கும்போது தினமும் அடிக்கிற நாலு நம்பர் பின்னை அடிப்பாங்க, அது எத்தனை தடவ அடிச்சாலும் ஏறாது, ஏன்னா பின் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோட முழு பாஸ்வேர்ட அடிக்கணும். விண்டோஸ்ல வைஃபை "பப்ளிக்"னு இருந்தா "பிரைவேட்"னு மாத்தணும். இவ்ளோதான் விஷயம், இது தெரியாம லினக்ஸே வேணாம்னு தூக்கிட்டு திரும்ப பழைய விண்டோஸுக்கே போனவங்க எனக்கு தெரிஞ்சே இருக்காங்க.

இதுல எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது யூடியூப்ல சுத்துற பழைய தமிழ் வீடியோக்கள பாத்துத்தான். ஷேரிங் வரலயா, எஸ்எம்பி 1.0-வ (அந்த பாஷையோட ரொம்ப பழைய வெர்ஷன்) ஆன் பண்ணுங்க, ஃபயர்வால (வெளிய இருந்து வர்றத தடுக்குற காவல்) ஆஃப் பண்ணுங்கன்னு கூசாம சொல்றாங்க. 2017 மே மாசம் ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வான்னாக்ரைங்குற வைரஸ் பரவுனதே அந்த எஸ்எம்பி 1-ல இருந்த ஓட்டை வழியாதான், இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகளே முடங்கிப்போச்சு. அந்த வருஷ கடைசில இருந்தே மைக்ரோசாஃப்ட் அத கழட்ட ஆரம்பிச்சிருச்சு, இன்னைக்கு வர்ற சாம்பாவுக்கு அது தேவையே இல்ல.

2011-ல இருந்து நம்ம அரசு குடுத்த இலவச லேப்டாப் எத்தனையோ வீட்டுல பேட்டரி போயி பரண்ல கிடக்கு. சார்ஜர்லயே போட்டு ஒரு லினக்ஸ ஏத்துனா வீட்டுக்கே பொது ஃபோல்டரா ஓடும், போட்டோ எல்லாம் ஒரே இடத்துல இருக்கும் (இன்னொரு காப்பி தனி ஹார்ட்டிஸ்க்ல வைக்கணும், அது கட்டாயம்). அதனால உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு வாரம் இத படத்தோட, தமிழ்ல, பாஸ்வேர்ட் பெட்டி எப்படி வரும்னு காட்டி போடுங்க ஐயா. எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணாதீங்கங்குற வரிய மட்டும் தனியா கட்டம் கட்டி பெருசா போடணும்னு கேட்டுக்குறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கும்பகோணம்