ஆறுமணிக்குருவி குளிக்க வந்தது

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. நேரில் ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் பதில் போடாமல் இருந்தேன். ஐப்பசி மழையில் உன் வீட்டுக் கொல்லையில் ஒரு குருவி சோர்ந்து விழுந்து கிடந்தது, பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு, காக்காய் கொத்தாமல் கூடையைப் போட்டு மூடி வைத்து சாயங்காலம் திறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது ஆறுமணிக்குருவிதான். நம் ஹாஸ்டல் வேலிக்கு அந்தப் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு விசில் அடிக்குமே, யாரோ பையன் என்று வார்டன் அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்களே, அதே குருவி. வட இந்தியாவில் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. ராத்திரியில்தான் பறக்கும். வந்து சேரும்போது உடம்பில் தெம்பு இருக்காது, அதனால்தான் அக்டோபர் மாதம் வீட்டுத் தோட்டங்களில் இப்படி விழுந்து கிடக்கும். நீ செய்தது பெரிய காரியம் செல்வி.

போன வாரம் தட்டேக்காடு போனேன். கேரளத்தில் கோதமங்கலத்துக்குப் பக்கம், பெரியாற்றங்கரையில் இருக்கும் காடு. பறவை அறிஞர் சாலிம் அலி 1930களில் வந்து பறவைகளைக் கணக்கெடுத்த இடம், 1983இல் சரணாலயம் ஆக்கினார்கள், இப்போது அவர் பேர்தான் அதற்கு. 25 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் காலை ஆறு மணிக்கு அங்கே போய் நின்றால் எந்தப் பக்கம் காது கொடுப்பது என்று தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் மகன்தான் காரில் கூட்டிப் போனான்.

அப்படி ஒரு கூண்டுக்குள் ஆறு மணி நேரம் உட்கார்ந்து என்னதான் செய்வாய் என்று கேட்டிருந்தாய். ஹைட் என்று சொல்வார்கள், பறவைக்குத் தெரியாமல் ஒளிந்திருந்து பார்க்கிற மறைப்பு. நான் உட்கார்ந்தது சரணாலயத்தை ஒட்டின ஒரு வீட்டுத் தோட்டத்தில். நாலு கம்பு நட்டு, பச்சை வலைத்துணி சுற்றி, லென்ஸ் நீட்ட இடுப்பு உயரத்தில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். எதிரே ஆறேழு மீட்டரில் அண்டா மூடி அளவுக்கு ஒரு சின்னத் தொட்டி, மேலே தொங்கும் குடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம்தான் அழைப்பு. இரண்டு விரல் ஆழம்தான் தண்ணீர், அதற்கு மேல் இருந்தால் சின்னக் குருவிகள் இறங்காது. நீ மாடியில் வைத்திருக்கிற மண்சட்டியிலும் ஒரு கூழாங்கல்லைப் போட்டு வை, தையல்சிட்டுக்கு நிற்க இடம் வேண்டுமே.

முதல் ஒரு மணி நேரம் கொசுவைத் தவிர எதுவும் வரவில்லை. அப்புறம் சிலம்பன்கள் கூட்டமாக வந்து இலைகளைக் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. செந்தலைப் பூங்குருவி ஒன்று ஓரத்தில் நின்று வெகுநேரம் யோசித்தது. கரும்பிடரி ஈப்பிடிப்பான் உட்காரவே இல்லை, மேலிருந்து விழுந்து தண்ணீரைத் தொட்டுவிட்டுக் கிளைக்குப் போய்விடும், மறுபடி விழும். தலையும் முதுகும் மார்பும் நீலம், வயிறு வெளுப்பு, பின்தலையில் ஒரு கறுப்புப் பொட்டு. அதைப் படம் எடுக்க நான் பட்ட பாடு சொல்லி முடியாது.

உன் பையன் கேமரா வாங்கியிருக்கிறான் என்றாயே, அவனுக்குச் சொல். காட்டுக்குள் வெளிச்சம் இருக்காது. 500 மி.மீ. லென்ஸைத் தாங்கியில் வைத்து, கேமரா வெளிச்சத்தை வாங்குகிற அளவை, அதான் ஐஎஸ்ஓவை, 6400க்கு ஏற்றியும் எனக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/160 பங்குக்கு மேல் போகவில்லை. அந்த வேகத்தில் குளிக்கிற குருவியை எடுத்தால் சிறகு வெறும் புகையாகத்தான் விழும். ஆனால் எந்தக் குருவியும் ஓயாமல் குளிக்காது. நாலு தரம் முங்கும், சட்டென்று நிமிர்ந்து சுற்றிப் பார்க்கும், யாரும் இல்லை என்றால் மறுபடி முங்கும். அந்த நிமிர்ந்து பார்க்கிற நொடியில்தான் அழுத்த வேண்டும், கண்ணில் ஃபோகஸ் வைத்து. வால் கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். ஷட்டர் சத்தத்தையும் அடக்கி வைக்கச் சொல், க்ளிக் கேட்டால் குருவி மிரண்டு போகலாம்.

இனி மனதை அறுத்துக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து ஸ்டூலில் ஒரு வழிகாட்டி வந்து உட்கார்ந்தார். ஆறுமணிக்குருவி வேண்டும் என்றேன். அவர் செல்போனை எடுத்து அதன் குரலைப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது, கல்லில் ஏறித் தலையை அண்ணாந்து கத்தியது, மறுபடி ஓடியது. தன் இடத்துக்குள் வேறொரு குருவி புகுந்துவிட்டது என்று விரட்டத் தேடுகிறது. எதிரிலோ யாரும் இல்லை. முப்பது படம் எடுத்தேன், எல்லாம் துல்லியம். ஒவ்வொன்றிலும் அலகு திறந்திருக்கிறது. இது தின்ன வேண்டிய நேரம், மறுபடி வடக்கே பறக்க உடம்பைத் தேற்ற வேண்டிய நேரம். தினம் பத்துப் பேர் இப்படிக் கூப்பிட்டால் அது எப்போது தின்னும்? உன் கொல்லையில் விழுந்து கிடந்ததை நினைத்துக்கொண்டேன், எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் நிறுத்தச் சொன்னேன். கோபம் வரவில்லை அவருக்கு, வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்களே என்றார். அதுவும் உண்மைதான், கேட்கிற நாம்தான் முதலில் திருந்த வேண்டும்.

மூன்றாம் நாள் தனியாகப் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், கேமராவில் ஏறக்குறைய எதுவும் தெரியாத வெளிச்சத்தில், சருகுக்குள் ஏதோ நடக்கிற சத்தம். தத்தித் தத்தி அதுவே வந்தது. கல்லோரம் நின்று குட்டை வாலை இரண்டு தரம் ஆட்டியது, தண்ணீரில் வயிற்றை வைத்து உட்கார்ந்தது. தோளில் இருக்கிற நீலத் திட்டு நனைந்ததும் எண்ணெய் பூசினது போல மின்னியது. ஏழு முறை முங்கியது, எண்ணினேன். எழுந்து உதறிக்கொண்டு அருகில் கிடந்த மரக்கட்டையில் ஏறி ஒவ்வொரு இறகாகக் கோதியது. அப்புறம் சரியாக ஆறுக்கு, புதருக்குள் போய் விசில்.

எடுத்தது நாலு படம், மூன்று ஆடிவிட்டன. ஒன்று மட்டும் தேறியது, கொஞ்சம் இருட்டு, அங்கங்கே புள்ளிப் புள்ளியாக இருக்கும். வாய் மூடி, கண் பாதி சொருகி, தண்ணீரில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முந்தின நாள் முப்பதையும் அழித்துவிட்டேன்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்காதே, தண்ணீர் வைப்பதைப் பையனிடம் சொல். ஏப்ரல் வாக்கில் இந்தக் குருவிகள் எல்லாம் வடக்கே கிளம்பிவிடும். உன் கொல்லையில் இன்னும் குரல் கேட்கிறதா? கடைசியாக என்றைக்குக் கேட்டது என்று காலண்டரில் குறித்து வை, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் வசந்தி