மவுண்ட் ரோட்டில் நம் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், அதற்குள் நான் போகவில்லை. இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தவை இரண்டு: சென்னை மவுண்ட் ரோட்டின் (இன்றைய அண்ணா சாலையின்) பழைய இடங்களைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை நடை, நடைபாதைக்கான மனு.

நடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெயில் ஏறும் முன் தீவுத்திடல் அருகே, அந்தக் கால சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலையடியில் தொடங்கினோம். 1839-இல் நிறுத்திய சிலை. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. 'அப்புறம் எப்படி விழாம உக்காந்திருக்கார்?' என்று ஒரு சிறுமி கேட்டாள். பதில் சொல்ல ஆள் இல்லை, நடையைக் கட்டினோம். அண்ணா சிலை 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது, அவர் முதல்வராக இருந்த காலத்திலேயே வைத்தது என்பது இளைய உறுப்பினர்கள் பலருக்குப் புதுச் செய்தி.

தபால் அலுவலக வளாகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கும் கட்டடம் 1913-இல் எலக்ட்ரிக் தியேட்டராக இருந்தது. அதைச் சொன்னதுதான் தாமதம், மூத்த உறுப்பினர்கள் பேச்சை முழுக்க சினிமாப் பக்கம் இழுத்துவிட்டார்கள். சஃபயர், ஆனந்த், சாந்தி, வெலிங்டன், பிளாசா என்று பட்டியல் நீண்டது. அந்தக் காலத்தில் புளூ டயமண்ட் தியேட்டரில் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், படம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதைப் பிள்ளைகள் நம்பவே இல்லை. அடுத்து 1844 முதல் புத்தகம் விற்கும் ஹிக்கின்பாதம்ஸ். அதைத் தாண்டிப் போனால் 1959-இல் எழும்பிய எல்.ஐ.சி. வேடிக்கை பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்த கட்டடம் அது. பழைய ஸ்பென்சர் கடைக் கட்டடம் 1983-இல் தீக்கிரையானது, இப்போதைய ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகம் 1991-இல் திறந்தது.

வெயில் ஏறிவிட்டதால் சின்னமலைக்கு மெட்ரோவில் போனோம். அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். எல்லாம் அவருடைய சொந்தப் பணம். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்ததும் அவர்தான். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகத்தானே இந்தச் சாலையே வந்தது! பழைய பாலம் போய், அங்கே மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது.

இனி வியாபாரம். மெட்ரோ சுரங்கம் தோண்டிய ஆண்டுகளில் சாலையின் ஒரு பகுதி ஒருவழிப் பாதையானது. 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் பள்ளி அருகே சாலை உள்வாங்கி, ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கின. வியாபாரம் அடிபட்டது உண்மை. ஆனால் 2019-இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் பழைய கூட்டம் வரவில்லையே? எல்லாப் பழியையும் மெட்ரோ மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. படம் விட்டதும் சாலைக்கு வந்த கூட்டத்தில்தான் டீக்கடையும் ஓட்டலும் பெட்டிக்கடையும் பிழைத்தன. தேவி, காசினோ போல ஒன்றிரண்டைத் தவிர அந்தத் தியேட்டர்கள் போய்விட்டன. இன்று ஸ்டேஷனிலிருந்து மேலே வருகிறவர் நின்று எதையாவது வாங்க நினைத்தாலும் கால் வைக்க இடமில்லை. நடைபாதை நெடுக டூவீலர்கள். அவற்றில் நம் உறுப்பினர்களுடையவை எவை என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால் வயதானவர்கள் ஆட்டோ பிடிக்கிறார்கள்.

அதனால்தான் மனு. நடைபாதையில் வண்டி ஏறாதபடி கல் நட வேண்டும், நடப்பவர்களுக்கென சிக்னல் வேண்டும் என்று கேட்டோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. நினைவூட்டல் கடிதம் தயார், தலைவர் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அதோடு, நம் வண்டிகளை நாமே எடுக்க வேண்டும் என்ற தீர்மானமும் இன்று வாக்கெடுப்புக்கு வருகிறது. போன கூட்டத்தில் அது தள்ளிப்போனது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நடை மார்கழியில். சந்தா பாக்கி உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் முன் பொருளாளரைப் பார்க்கவும். அறிக்கையை அவை ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்