எலும்பு முறிந்தவரைப் பார்த்துக்கொள்ள வீட்டாருக்கும் சொல்லித்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வரும் பாட்டிகளுக்கு இப்போது ஆபரேஷன் நன்றாகவே நடக்கிறது. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு பலர் படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளும் மாத்திரைக் கவரும் கொடுத்து, "நடக்க வையுங்கள், படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நின்ற இடத்திலேயே சொல்லி அனுப்புகிறோம். கேட்டுக்கொள்பவர் மகன். வீட்டில் பார்க்கப்போவதோ மருமகள். அவரும் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் வார்டுக்குள் வந்தே இருக்க மாட்டார்கள். கூட இருப்பவருக்கான பாஸ் ஒன்றுதானே!

சொல்லித்தர ஆளில்லாததால் பாசமே கெடுதலாகிறது. "ஆடாம அசையாம படுங்கம்மா" என்கிறார்கள். ஆபரேஷன் ஆனவரை, மருத்துவர் சரி என்றால், மறுநாளே எழுப்பி நிற்க வைக்க வேண்டும். கால் வீங்கினால் தைலம் போட்டு உருவுகிறார்கள். கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் ரத்தம் உறைந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். உருவினால் அந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. அவரைக் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நல்ல காலைச் சற்று உள்ளே இழுத்து, அடிபட்ட காலை முன்னே நீட்டி, இரு கைகளையும் கட்டிலில் ஊன்றி அவரே எழ வேண்டும். அவர் இடுப்பில் ஒரு துண்டை இறுகக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டால் போதும். நின்ற பிறகு முதலில் வாக்கர், அடுத்து அடிபட்ட கால், கடைசியில் நல்ல கால். ஆபரேஷனில் இடுப்பு மூட்டையே மாற்றியவர் மருத்துவர் சொல்லும்வரை சம்மணம் போடக் கூடாது, குத்துக்காலிடக் கூடாது, மூட்டு நழுவிவிடும். வெஸ்டர்ன் கழிப்பறை இல்லையென்றால், நடுவில் ஓட்டை போட்ட உறுதியான நாற்காலியைப் போடலாம். குதிகாலைத் தினமும் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருந்து, அழுத்தினாலும் நிறம் மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதையெல்லாம் தாளில் படித்து யாரும் கற்க முடியாது. டிஸ்சார்ஜ் எழுதும் முன்பே, வீட்டில் இருக்கப்போகிறவரை வரவழைத்து, அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அவர் வரும் நாளில் பேரன்களும் அக்கம்பக்கத்தாரும் கூட நின்று கற்றுக்கொள்ளட்டும். அம்மாவைக் குளிப்பாட்ட மகனுக்குக் கூச்சம் இருக்கலாம். வாக்கர் பிடித்து நடக்க வைக்க என்ன கூச்சம்? எல்லாவற்றையும் ஒரு பெண் தலையிலேயே கட்டினால், கொஞ்ச நாளில் அவளும் முதுகு வலியோடு அதே வார்டுக்கு வந்து நிற்பாள்.

எங்கள் பகுதி மருத்துவமனைகளோ ஆரம்ப சுகாதார நிலையங்களோ அழைத்தால் சொல்லித்தர நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம், ஒரு கட்டிலும் வாக்கரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்