சத்துவாச்சாரி வீடும் வக்கீலும்

வேலூர்

அன்புள்ள கோபாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ராணிப்பேட்டையில் வேலை அமைந்ததும், நீங்கள் இந்தப் பக்கமே திரும்பி வரப்போவதும் படித்து மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம்.

சத்துவாச்சாரி வீட்டு வசதி வாரிய வீட்டுக்கு, பத்திர எழுத்தர் இருக்கும்போது தனியாக வக்கீல் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டும். அதுவும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே. பத்திர எழுத்தர் நீ சொல்லும் விவரத்தை முறைப்படி எழுதித் தருவார். விற்பவருக்கு முழு உரிமை உண்டா என்று பார்ப்பது அவர் பொறுப்பல்ல. சார்பதிவாளரும் உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை. கடன் வாங்கினால் வங்கி வக்கீல் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக.

வீடு ஒதுக்கீடு ஆனவர் இறந்து, பிள்ளைகள் விற்கிறார்கள் என்றாயே, என் கவலை அங்கேதான். வாரியம் அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிவு செய்து கொடுத்ததா என்று முதலில் கேள். ஒதுக்கீட்டு ஆணையும் தவணை ரசீதும் மட்டும் இருந்தால் வீடு இன்னும் வாரியத்தின் பேரில்தான் இருக்கிறது. நிலுவை இல்லை என்று வாரியத்திடம் கடிதமும் வாங்கச் சொல்.

அடுத்தது வாரிசு. இந்துக் குடும்பமாக இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்போது அவருடைய அம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கும் ஒரு பங்கு. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த அம்மாவும் உயில் இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தால், அவர் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் போகும். அதாவது விற்பவர்களின் பெரியப்பா, சித்தப்பா, அத்தை கையெழுத்தும் தேவைப்படும். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றை மட்டும் நம்பாதே. தந்தை, பாட்டி இருவரின் இறப்புச் சான்றிலும் தேதியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பிட்டோமே" என்பார்கள். சீர் கொடுத்ததால் பங்கு போய்விடாது. அந்தப் பெண் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் வேண்டும். பங்குதாரரில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால், 18 வயது நிறைந்த பின் 3 வருடத்துக்குள் அந்தப் பிள்ளை வழக்குப் போடலாம். முஸ்லிம் குடும்பமானால் பங்குக் கணக்கே வேறு.

வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். பதியாத உயில் வராது, பதியாமல் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய பழைய கடனும் வராது. ஆகவே மூலப்பத்திரத்தை ஜெராக்ஸில் பார்த்தால் போதாது, அசலையே கண்ணால் பார். தொலைந்துவிட்டது என்றால், போலீஸ் சான்றும் பத்திரிகை விளம்பரமும் இல்லாமல் ஓர் அடி நகராதே.

பழைய பத்திரத்தில் வட ஆர்க்காடு மாவட்டம் என்றிருக்கும். அது பிழையல்ல, மாவட்டம் பிரிந்தது 1989-இல்தான். செக்குபந்தியும் (நான்கு பக்க எல்லை விவரம்) நான்கு பக்க அளவும் தரையில் பொருந்துகிறதா என்பதே முக்கியம். அதை வக்கீல் அளக்க மாட்டார், சர்வேயரைக் கூப்பிடு. மாடி பின்னால் கட்டியதென்றால் அதற்குத் தனி அனுமதி உண்டா என்றும் பார்.

செலவை நினைத்துத் தயங்காதே. 40 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,60,000 ரூபாய் எப்படியும் கட்டப்போகிறாய். வக்கீல் ஃபீஸ் அதில் சிறு பகுதிதான். புரோக்கர் கைகாட்டுகிறவர் வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் சிவில் வக்கீலாகப் பார்த்து, உரிமை சரியா என்ற லீகல் ஒப்பீனியனைக் கையெழுத்தோடு எழுத்தில் வாங்கு. உரிமையில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வர வேண்டும் என்ற வரியைக் கிரய ஒப்பந்தத்தில் அவரையே எழுதச் சொல், ஒப்பந்தத்தையும் பதிவு செய்.

வாரிசுச் சான்று, இறப்புச் சான்றுகளின் நகலை முதலில் எனக்கு அனுப்பு. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
செல்வராஜ்